பாட்டியின் முற்றத்தில் கட்டுங்கள் அந்த வீட்டை

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து மேற்கே மித்தியானா செல்லும் சாலையை ஒட்டிய பச்சைச் சரிவுகளில், ஒன்றுபோலக் கட்டிய செங்கல் வீடுகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. வீட்டுக்கு ஓர் அம்மா, எட்டுக் குழந்தைகள். அந்த அம்மா வேலைக்கென்று வந்தவர்தான். ஆனால் உலை வைப்பதும், வீட்டுப்பாடம் பார்ப்பதும், காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் அவரே. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் தேவாலயமும் பக்கத்திலேயே உண்டு. 'வாட்டோட்டோ' என்ற பெயரில் இயங்கும் இந்தக் குழந்தைகள் கிராமங்களின் பணி 1994இல் தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த கேரி ஸ்கின்னர், மர்லின் ஸ்கின்னர் என்ற மிஷனரி தம்பதி 1984இல் கம்பாலாவில் நிறுவிய பெந்தெகொஸ்தே சபைதான் இதன் தாய் அமைப்பு.

இந்த வீடுகளைக் கட்ட அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பல நாட்டுத் திருச்சபைகளிலிருந்து குழுக்கள் வந்திருக்கின்றன. ஊரில் காணிக்கை திரட்டி, சொந்தச் செலவில் விமானம் ஏறி, இரண்டு வாரம் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள் சாந்து குழைப்பார்கள். வெயிலில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்கள். உள்ளூர்க் கொத்தனார் நூல் பிடித்து, மட்டம் பார்த்துச் சுவரை எழுப்புவார். சுவர் எழுந்து நிற்கும்போது வந்தவர்களின் கண் கலங்குவது நடிப்பில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக இப்படி வியர்வை சிந்துகிறவர்களைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

அன்றைய உகாண்டாவை நினைத்துப் பார்த்தால் இந்த முயற்சியின் நியாயம் புரியும். 1990களின் தொடக்கத்தில் கம்பாலாவின் சில மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகளில் பத்துக்கு மூவர்வரை எச்.ஐ.வி. தொற்றுடன் இருந்தார்கள். உயிர்காக்கும் கூட்டு மருந்து அப்போது வந்திருக்கவில்லை; பிறகு வந்தபோதும் எட்டாத விலையில் இருந்தது. ரக்காய், மசாக்கா மாவட்டங்களின் கிராமங்களில் நடுத்தர வயதினர் சரசரவென்று மறைந்துபோக, வீட்டில் மிஞ்சியவர்கள் கிழவிகளும் குழந்தைகளும்தான். வடக்கே குலு பகுதியில் 'லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி' என்ற கிளர்ச்சிப் படை பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போனது. அதற்குப் பயந்து, பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் கூட்டமாக நகரத்துக்கு நடந்து வந்து, கடை வாசல்களில் படுத்துத் தூங்கி, விடிந்ததும் வீடு திரும்பினார்கள். அந்தக் குலுவிலும் வாட்டோட்டோ வீடுகளைக் கட்டியது.

ஆபத்துக் காலத்தில் செய்த இந்த உதவியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், இப்போதும் உலகின் பல மூலைகளில் மிஷன் நிதியில் இத்தகைய வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது: அந்த வீடு எந்த மண்ணில் எழ வேண்டும்? வேலியிட்ட தனி வளாகத்திலா, பிள்ளையின் பாட்டியோ அத்தையோ ஏற்கெனவே குடியிருக்கும் முற்றத்திலா?

டார்மிட்டரியை உடைத்தவர்கள்

'குடும்பம் போன்ற இல்லம்' என்ற யோசனைக்கு ஏறத்தாழ இருநூறு வயது. 1833இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஹார்ன் என்ற இடத்தில், யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற 25 வயது இறையியலாளர் 'ரௌஹஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். அந்தக் கால அனாதை விடுதி என்றால் நூற்றுக்கணக்கான கட்டில்கள் போட்ட நீண்ட கூடம், மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் சாப்பிட வேண்டும். விகெர்ன் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 'சகோதரரை' பொறுப்பாக்கித் தனித்தனிக் குடும்பமாக வாழவைத்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று தமிழகத் தேவாலயங்களிலும் ஏற்றப்படும் திருவருகைக் கால மெழுகுவத்தி வளையம் பிறந்தது அந்த இல்லத்தில்தான்.

லண்டனில் இதே பாதைக்கு வந்து சேர்ந்தவர் தாமஸ் பர்னார்டோ. டப்ளினில் பிறந்த அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போவதற்காகவே 1866இல் லண்டன் வந்தார். கிழக்கு லண்டன் சேரிகளின் நிலைமை அவரை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டது. 1873இல் பார்க்கிங்சைட் என்ற இடத்தில் சிறுமியருக்கான இல்லத்தை ஆரம்பித்தார். எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்து வைத்தது தவறு என்று சீக்கிரமே உணர்ந்து, 1876இல் புல்வெளியைச் சுற்றிச் சிறு வீடுகளும் வீட்டுக்கு ஒரு 'தாயும்' கொண்ட கிராமமாக அதை மாற்றினார். அது வளர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளும் கொண்ட ஊராயிற்று. ஸ்காட்லாந்தில் செருப்புத் தொழிலில் உயர்ந்த வில்லியம் குவாரியர் 1878இல் பிரிட்ஜ் ஆஃப் வியர் என்ற ஊரில் அதையே செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் ஹெர்மன் க்மைனர் நிறுவிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம், மாதம் ஒரு ஷில்லிங் கொடுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டே வளர்ந்து, இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

ஆக, கம்பாலாவின் செங்கல் வீடுகளுக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. டார்மிட்டரியைவிடச் சிறு வீடு நல்லது என்று தங்கள் காலத்து வழக்கத்தை எதிர்த்துச் சொன்ன துணிச்சல் அந்த மரபுக்கு உண்டு.

தோனாவூர் சொல்வது என்ன?

அந்த மரபின் ஒரு கிளை தமிழ் மண்ணிலேயே வேர்விட்டது. நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் தோனாவூர், அங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரைத் தாங்கியது. வட அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் இந்தப் பகுதியில் மிஷனரியாக இருந்தபோது, 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த பிள்ளைகளுக்காகத் தோனாவூரில் சிறு சிறு வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு ஓர் அக்கா; அவரைச் சுற்றி ஒரு கூட்டம் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, ஏமி எல்லாருக்கும் அம்மா. அங்கே ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. பணம் கேட்டு வெளியே கையேந்துவதும் இல்லை. 1951இல் ஏமி இறந்தபோது அவருடைய விருப்பப்படி கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றில் 'அம்மா' என்று மட்டும் பொறித்து வைத்தார்கள்.

தோனாவூரை இன்றைய மிஷன் இல்லங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கத் தவறுகிறார்கள். முதலாவது, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுக்குத் திரும்புவதே ஆபத்து. உறவினரே நேர்ந்துவிடத் துணிந்த காலம் அது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கும் இதே நெருக்கடிதான் காரணம். இரண்டாவது, தோனாவூரின் அக்காக்கள் ஆயுள் முழுக்க அங்கேயே இருந்தார்கள். அங்கு வளர்ந்த பெண்களே பிறகு அக்காக்களாகி அடுத்த தலைமுறையை வளர்த்தார்கள். பதினெட்டு வயது முடிந்தது, பெட்டியைக் கட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் வேலைக்கு வரும் இல்லத்தாய் மூன்றாண்டில் வேறு வேலை தேடிப் போய்விட்டால், ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகத் தாயை இழக்கிறது. சுவரும் கூரையும் போட்டுக் கொடுப்பது எளிது. அந்த அக்காக்களின் ஆயுளை எந்த நன்கொடையாலும் வாங்க முடியாது.

எத்தனை பேர் உண்மையில் அனாதைகள்?

யுனிசெஃப் கணக்கில், தாய் தந்தையரில் ஒருவரை இழந்தாலே அந்தப் பிள்ளை 'ஆர்ஃபன்' பட்டியலில் சேரும். 2015இல் உலகம் முழுவதும் இப்படிக் கணக்கிட்ட ஏறத்தாழ 14 கோடிக் குழந்தைகளில், இருவரையும் இழந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். அதாவது, பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிருடன் இருக்கிறார். இருவரும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்குப் பாட்டி, பெரியம்மா, தாய்மாமன் என்று யாராவது இருக்கிறார்கள். காணிக்கைத் தட்டு சுற்றிவரும்போது மேடையில் சொல்லப்படும் '14 கோடி அனாதைகள்' என்ற எண் இந்த விவரத்தை மறைத்துவிடுகிறது.

கம்போடியாவில் 2015இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், காப்பகங்களில் இருந்த பதின்வயதினரில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தது தெரியவந்தது. ஹெய்ட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்த சில நாட்களில், அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அனாதைகள் என்று நினைத்து அழைத்துப்போன அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். பள்ளிப் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோரே ஒப்படைத்திருந்தார்கள்.

காப்பகத்துக்கு வரும் பெரும்பாலான பிள்ளைகளின் கதை இதுதான். உகாண்டா 1997இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. ஆனாலும் சீருடை, நோட்டு, தேர்வுச் செலவு, மதிய உணவு என்று ஒரு விதவைத் தாயைத் திணறடிக்கும் பட்டியல் தொடர்கிறது. அவளுக்குத் தேவைப்படுவது அந்தச் சில்லறைத் தொகை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு வளாகத்தில் சாப்பாடு, படிப்பு, மருந்து எல்லாம் இலவசம்; ஒரே நிபந்தனை, பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று பிள்ளைகளில் ஒன்றை அனுப்பி மற்ற இரண்டைக் காப்பாற்றலாம் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

பர்னார்டோ காலத்திலேயே இந்தச் சிக்கல் தலைதூக்கியது. ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை எடுத்து வருவதைப் புண்ணியமாகக் கருதிய அவர்மீது வழக்குகள் வந்தன. 1891இல் பிரபுக்கள் சபைவரை சென்ற ஒரு வழக்கில், தன் மகனை வேறு இல்லத்துக்கு மாற்றக் கேட்ட ஏழைத் தாயின் விருப்பத்துக்கே தீர்ப்பு மதிப்பளித்தது. பர்னார்டோ, குவாரியர் போன்ற அமைப்புகள் வழியாகப் பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்ட குழந்தைகள் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பலருக்கும் பெற்றோர் இருந்தார்கள். 2010இல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

உகாண்டாவில் பிள்ளை இழப்பது பெற்றோரின் அணைப்பை மட்டுமில்லை. புகாண்டா மக்களிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்கள் உண்டு; வெட்டுக்கிளி, நுரையீரல் மீன், குரங்கு என்று குலத்துக்கு ஒரு சின்னம். பெயர் சூட்டுவதிலிருந்து ஒரே குலத்தில் பெண் எடுக்காமல் இருப்பதுவரை எல்லாவற்றுக்கும் குலமே அடிப்படை. அப்பாவின் வாழைத் தோட்டத்தில் பங்கு கேட்கவும் அந்த உறவுதான் வேண்டும். பத்து வயதுவரை தோட்டத்தில் களை பறித்த பையன், பதினெட்டு வயதில் வளாகத்திலிருந்து ஊர் திரும்பினால், சித்தப்பா வேலியை நகர்த்திப் போட்டிருப்பார். நல்ல ஆங்கிலமும் சான்றிதழும் கையில் இருக்கும். காலூன்ற நிலம் இருக்காது.

ஆய்வுகள் காட்டும் வழி

ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. 1989இல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசுக் காப்பகங்களில் கிடந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களின் 136 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பாதியை, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நாலரை வயதில் அளந்தபோது, காப்பகத்திலேயே வளர்ந்தவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் 73. குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. காப்பகத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள். 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த முடிவு, கைக்குழந்தைகளைக் காப்பகத்தில் வளர்ப்பதற்கு எதிரான வலுவான சான்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் வெட்டன் தலைமையிலான குழு, கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் 83 இல்லங்களின் பிள்ளைகளையும், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2009இல் ஆய்வு வெளியிட்டது. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட இந்தப் பிள்ளைகளில், இல்லங்களில் இருந்தவர்கள் உடல்நலத்திலோ கற்றலிலோ பின்தங்கியிருக்கவில்லை. மிஷன் இல்லங்களை ஆதரிப்பவர்கள் இதை மேற்கோள் காட்டுவது நியாயமே. புகாரெஸ்ட்டின் கம்பிக் கட்டில்களையும் கம்பாலாவின் அம்மா வீட்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது சரிதான்.

ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு பாதியைப் பாருங்கள். நிதியும் ஊழியரும் உள்ள இல்லத்துடன் ஒப்பிடப்பட்டது, பெரும்பாலும் எந்த உதவியும் இன்றித் திண்டாடும் உறவினரின் குடிசை. இல்லத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடிசைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உகாண்டாவை ஒட்டிய தான்சானியாவின் ககேரா பகுதியில், ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் வைத்துப் பார்க்க ஆகும் ஆண்டுச் செலவு, வளர்ப்புக் குடும்பத்துக்கு உதவும் செலவைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்று உலக வங்கி 1990களிலேயே சுட்டிக்காட்டியது.

மூடிய கதவுக்குப் பின்னால்

சிறு வீடு என்பதாலேயே பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. குவாரியர் இல்லங்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து விசாரணை ஆணையம், அங்கே பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் அடிக்கும் அவமானத்துக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள் என்று 2020இல் அறிவித்தது. ஒவ்வொரு வீடும் தனித்தனி, இல்லப் பெற்றோருக்கு முழு அதிகாரம், கேள்வி கேட்க உறவென்று யாரும் இல்லை. டார்மிட்டரியில் நூறு கண்கள் பார்த்திருக்கும். இங்கே கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. எஸ்.ஓ.எஸ். அமைப்பும் 2021இல், பல நாடுகளில் உள்ள தன் கிராமங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளையும் அவற்றைச் சரிவரக் கையாளாததையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

சொந்த வீட்டில் கொடுமை நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. ஆனால் ஊருக்குள் வாழும் பிள்ளைக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஓர் அத்தை இருக்கிறார். தழும்பைக் கவனிக்க ஒரு டீச்சர் இருக்கிறார். எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். பள்ளியும் சபையும் விளையாட்டும் ஒரே வேலிக்குள் முடிந்துவிடும் பிள்ளைக்கு, புகார் சொல்லக்கூடிய ஒவ்வொருவரும் ஒரே நிர்வாகத்தின் ஊழியர். வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம் வந்து கட்டிப்பிடித்து விளையாடிவிட்டுப் போகும் விருந்தினர்களிடம் பிள்ளை எதைச் சொல்லும்?

ஜாஜாக்களை நம்பியவர்கள்

உகாண்டாவில் பாட்டியை ஜாஜா என்பார்கள். எய்ட்ஸ் விட்டுச் சென்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை வளர்த்தது காப்பகங்களோ மிஷன் கிராமங்களோ அல்ல, இந்த ஜாஜாக்கள்தான். மகனையும் மருமகளையும் அடக்கம் செய்துவிட்டு, அறுபது வயதில் ஐந்தாறு பேரப்பிள்ளைகளுக்காக மறுபடி மண்வெட்டி எடுத்தவர்கள். அவர்களுக்கு யாரும் விமானத்தில் வந்து வீடு கட்டிக் கொடுக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி நாட்டின் தென்மேற்கில் நடந்திருக்கிறது. எய்ட்ஸில் உடன்பிறந்தவர்களை இழந்த ட்வெசிஜ்யே ஜாக்சன் ககுரி, சொந்த ஊரான ந்யாக்காவில் 2001இல் ஓர் அமைப்பை நிறுவி, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் பகலில் படித்துவிட்டு இரவில் பாட்டி வீட்டுக்கே திரும்பினார்கள். பிறகு பாட்டிகள் குழுக்களாகத் திரண்டார்கள். சிறு கடன் யாருக்கு, கழிப்பறை யாருக்கு, புகைபோக்கியுள்ள அடுப்படி யாருக்கு, ஒழுகாத புது வீடு யாருக்கு என்று அவர்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். இங்கேயும் வீடு கட்டப்படுகிறது; இங்கேயும் செங்கல்லும் தகரக் கூரையும் வேண்டும்; வெளிநாட்டு நிதி இங்கேயும் பயன்படுகிறது. ஆனால் அந்த வீட்டுச் சாவி பாட்டியின் இடுப்பு முடிச்சில் இருக்கிறது. அவருக்குப் பிறகு பேரப்பிள்ளை அந்த வீட்டில் இருப்பதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

திருச்சபைகளாலும் இது முடியும் என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. முட்டாரே நகரின் குழந்தை மருத்துவர் ஜெஃப் ஃபாஸ்டர் 1987இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு, 1993இல் கிராமத்துச் சபைப் பெண்களைக் கொண்டே ஒரு திட்டத்தை நடத்தியது. அந்தப் பெண்கள் பெற்றோரை இழந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நடந்தே போனார்கள். மக்காச்சோள விதை, கம்பளி, பள்ளிக் கட்டணம் என்று எது அவசரமோ அதைக் கொடுத்தார்கள். வயலில் கூடமாட வேலை செய்தார்கள். கல்வெட்டு பதிக்க ஒரு கட்டடமும் எழவில்லை. ஆனால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகவில்லை. அனாதைகளையும் விதவைகளையும் துன்பத்தில் சந்திப்பதே தூய பக்தி என்று யாக்கோபு நிருபம் வற்புறுத்துவது கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் அது சேர்த்தே பேசுகிறது. விதவையின் கையைப் பலப்படுத்தினால் பிள்ளையை எங்கேயும் அனுப்ப வேண்டியிருக்காது என்பதை அந்த முட்டாரே பெண்கள் செய்து காட்டினார்கள்.

தாய் உயிரோடு இருந்தால் அனாதையே இல்லை என்ற எளிய கணக்கும் உண்டு. 2003இல் அமெரிக்கா தொடங்கிய 'பெப்ஃபார்' எய்ட்ஸ் திட்டத்துக்குப் பின்னால் அந்நாட்டு சுவிசேஷ சபைகளின் ஆதரவும் இருந்தது. அந்தத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசு மதிப்பிடுகிறது. கம்பாலாவில் இன்று ஓர் இளம் தாய் தினமும் மாத்திரை விழுங்கி, தன் பிள்ளையைத் தானே பள்ளிக்கு அனுப்புகிறார். எந்த வளாகத்தின் திறப்பு விழாவுக்கும் குறையாத சாதனை அது.

ருவாண்டா எடுத்த முடிவு

1994 இனப்படுகொலை ருவாண்டாவைத் துணையற்ற குழந்தைகளின் நாடாக்கியது. மிஷன்களும் தொண்டு நிறுவனங்களும் திறந்த காப்பகங்கள் அன்று உயிர்காத்தன. ஆனால் 2012இல் கணக்கெடுத்தபோது 33 காப்பகங்களில் 3,323 பேர் இன்னும் இருந்தார்கள். படுகொலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அரசு தன் கொள்கையை மாற்றி, பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. உறவினரைத் தேடுவது, கிடைக்காவிட்டால் வளர்ப்புக் குடும்பம் பார்ப்பது, சேர்த்த பிறகு தொடர்ந்து போய்ப் பார்ப்பது என்று வேலை நடந்தது. கிராமத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, நாடெங்கும் ஏறத்தாழ 30,000 தன்னார்வலர்கள் 'குடும்ப நண்பர்'களாக நியமிக்கப்பட்டார்கள். அமெரிக்காவின் சேடில்பேக் திருச்சபை அங்கே புதுக் காப்பகம் கட்டாமல், உள்ளூர்ச் சபைக் குடும்பங்களே பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும்படி ஊக்குவித்தது. பணமும் ஆளும் இருந்த ஒரு வெளிநாட்டு மிஷன், கட்டடம் கட்டும் ஆசையைத் தள்ளிவைத்த அபூர்வமான உதாரணம் இது.

ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. வறுமை மட்டுமே காரணமாக எந்தப் பிள்ளையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும்.

சபைகள் செய்யக்கூடியது

குடும்ப இல்லங்களை நாளைக்கே பூட்டிவிடச் சொல்வது கொடுமை. உறவினர் யாரும் கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தோனாவூர்ச் சிறுமியைப் போல, வீடே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். பிரிக்கக் கூடாத உடன்பிறந்த கூட்டங்கள் இருக்கின்றன. கடுமையான ஊனத்துடன் பிறந்து எந்தக் குடும்பமும் ஏற்கத் தயங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அம்மா வீடு வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும். பிள்ளை இருபது வயதிலும் வந்து தங்க ஓர் அறை வேண்டும். வெளியார் வந்து தணிக்கை செய்யும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அந்த வீடுகள் ஊர்ப் பள்ளிக்கும் ஊர்ச் சந்தைக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஆனால் புதிதாக நிதி திரட்டும் ஒவ்வொரு சபையும், அது டெக்சாஸில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், கட்டட வரைபடத்தைப் பார்க்கும் முன் சில விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்? உறவினரைத் தேடுவதற்கென்று சமூகப் பணியாளர் எத்தனை பேர்? போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? திரும்பியவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? பதில் இல்லாத இடத்தில் பணத்தை நிறுத்திவைப்பது இரக்கமின்மை ஆகாது.

அனுப்பும் குழுக்களுக்கும் வேலை இல்லாமல் போகாது. பத்துப் பேர் விமானத்தில் போய்வரும் செலவில் ஒரு கிராமத்தில் பல பாட்டிகளின் கூரைகளை மாற்றிவிடலாம்; கூலி உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் போகும். ஆண்டுக்கொருமுறை புகைப்படத்தோடு வரும் 'என் ஸ்பான்சர் குழந்தை' கடிதத்துக்குப் பதிலாக, ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தாங்கும் கணக்கு அறிக்கை வரட்டும். இருபது வீடுகளுக்கான நிதியில் இரண்டை மட்டும் வளாகத்தில் கட்டி, பதினெட்டை உறவினரின் நிலத்தில், பிள்ளையின் பங்கைப் பத்திரத்தில் பதிவு செய்து கட்டித் தருவதென்று தீர்மானிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. நிதி கொடுக்கும் சபைகள் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை வகுக்கும்போதே இதை எழுதிச் சேர்த்துவிடலாம்.